கால், ஊசி, தடம்: ‘ஜிபிஐஓ’வுக்குச் சொல் தேடும் மடல்கள்

பொருள்: ‘ஜிபிஐஓ பின்’ – முன்மொழியப்பட்ட தொடருக்கு மறுப்பும் மாற்றும்

மதிப்பிற்குரிய சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஏற்றும் நிரல்துண்டாகிய மாட்யூல் ஒன்றை எழுதி, அதன் வழியாக ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினிப் பலகையில் ஓர் எல்இடி விளக்கை ஏற்றி அணைக்கும் பாடத்தை நாம் தமிழாக்கி வருகிறோம். அதில், நிரலால் மின்நிலையைப் படிக்கவோ மாற்றவோ தக்க பொது இணைப்பைக் குறிக்க ‘ஜிபிஐஓ பின்’ (general purpose input/output pin) என்று வரும் இடங்களில் எல்லாம் ‘பொதுநோக்கு உள்ளீட்டு வெளியீட்டு முனை’ என்று எழுதலாம் என்னும் முன்மொழிவு குழுவின் முன் உள்ளது. நான் அதை ஏற்காமைக்குக் காரணம் அதன் நீளம் அன்று. நீளமான தொடரைப் பழக்கம் தானே சுருக்கிக்கொள்ளும். வன்பொருளிலும் கர்னலிலும் வெவ்வேறாக இருக்கும் மூன்று பொருள்களை ‘முனை’ என்னும் ஒரே சொல் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது என்பதே என் மறுப்பு. அம்மூன்றையும் முதலில் பிரிக்காமல் சொல் தேடினால், கிடைக்கும் சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும், பாடத்தைப் படிப்பவர் பலகையைக் கெடுத்துக்கொள்வார்.

கெடுத்துக்கொள்வார் என்பது மிகையன்று. பலகையின் ஓரத்தில் இரு வரிசைகளாக 40 ஊசிகள் நிற்கின்றன. அவற்றில் இரண்டு 5 வோல்ட், இரண்டு 3.3 வோல்ட், எட்டு தரை (கிரவுண்ட்). எஞ்சிய 28 ஊசிகளே நிரலின் சொல்லைக் கேட்பவை. ஊசிகளின் வரிசை எண்ணும் ஜிபிஐஓ எண்ணும் ஒன்றல்ல. ஜிபிஐஓ 4 இருப்பது 7ஆவது ஊசியில். 4ஆவது ஊசியோ 5 வோல்ட் மின்வழங்கல். ஜிபிஐஓ 4க்கும் தரைக்கும் இடையே ஓர் அழுத்துவிசையை இணைக்குமாறு சொல்ல வந்த நாம், ‘4ஆம் முனைக்கும் தரைக்கும் இடையே’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் ஊசிகளை எண்ணி 4ஆவதில் கம்பியைச் செருகுவார். விசையை அழுத்திய நொடியில் 5 வோல்ட் நேராகத் தரையில் இறங்கிப் பலகை அணைந்துவிடும். 17ஐ எடுத்துக்கொண்டால் ஆபத்து குறைவு, குழப்பம் கூடுதல். ஜிபிஐஓ 17 என்பது 11ஆவது ஊசி. 17ஆவது ஊசி 3.3 வோல்ட் மின்வழங்கல். விளக்கை அங்கே இணைத்தவருக்கு அது ஓயாமல் எரிந்துகொண்டே இருக்கும். அவரோ தம் மாட்யூலின் நிரலில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

எனவே பலகையில் கம்பி செருகும் இடத்துக்கு ‘ஊசி’ என்று தனிச்சொல் வைத்துவிடுவோம். பார்த்த மாத்திரத்தில் விளங்கும் சொல் அது. ஆக்கத் தேவையே இல்லை. சில்லிலிருந்து வெளிவரும் உலோகத் தொடர்பு ஊசியன்று. அதைப் பழுதுபார்ப்பவர்கள் ஐசியின் ‘கால்’ என்றே சொல்கிறார்கள். இன்றைய சில்லுகளுக்குப் பக்கவாட்டில் கால்கள் இல்லை, அடிப்புறத்தில் சிறு ஈயக்குண்டுகளே உள்ளன என்று ஒருவர் தடை கூறலாம். பட்டை, விரல், குண்டு என எவ்வடிவில் இருந்தாலும் லினக்ஸில் கால்களை நிர்வகிக்கும் பின்கன்ட்ரோல் அமைப்பு அவை அனைத்தையும் ஒரே சொல்லால்தான் குறிக்கிறது. தமிழிலும் கால் என்பது வடிவத்தை விட்டுப் பொருளுக்கு நகர்ந்துவிட்ட சொல். பந்தற்காலுக்கும் வாய்க்காலுக்கும் வடிவ ஒற்றுமை ஏதுமில்லை.

மூன்றாவதுதான் நம் பாடத்தின் நடுப்பொருள். கர்னல் மாட்யூல் தொடுவது ஊசியையும் அன்று, காலையும் அன்று. பழைய கர்னல்களில் ஒவ்வொரு ஜிபிஐஓவுக்கும் இயந்திரம் முழுவதற்கும் பொதுவான ஓர் எண் இருந்தது. மாட்யூலை எழுதுபவர் 17 என்று எழுதிக் கேட்டால் 17 கிடைத்தது. 2014இல் வந்த 3.13 பதிப்பு முதல் அந்த எண்ணுக்கு மாற்றான புதிய முறை வந்தது. 2016இல் 4.8 பதிப்பில் கர்னலுக்கு வெளியே ஓடும் பயனர் பக்க நிரல்கள் ஜிபிஐஓவைக் கோப்புகளாகக் கையாளும் பழைய சிஸ்எஃப்எஸ் வழியும் கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டு, அதற்கு மாற்றாகச் சாதனக் கோப்பு வழி சேர்க்கப்பட்டது. இப்புதிய வழியில் ஒவ்வொரு கட்டுப்படுத்தியும் ஒரு தொகுதி. தொகுதிக்குள் 0 தொடங்கி வரிசையாக ‘லைன்’கள். ராஸ்பெர்ரி பை 4இல் கர்னல் 6.6 பதிப்புக்கு மாறியபோது பழைய எண்கள் 512இலிருந்து தொடங்கின. 17 என்று இருந்தது 529 ஆயிற்று. பழைய பாடங்களைப் பார்த்து மாட்யூலில் 17 என்று எழுதியவர்களின் கோரிக்கைகள் அன்றோடு மறுக்கப்பட்டன. ஆக, ஒரே விளக்குக்கு ஊசிக் கணக்கில் 11, தொகுதிக்குள் 17, பழைய பொது எண்ணில் 529. இம்மூன்றையும் ‘முனை எண்’ என்று எழுதும் பாடத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

‘லைன்’ என்பதற்கும் கால் என்றே சொல்லிவிடலாமே என்றால், அதுவும் இயலாது. சில்லுகள் இரு கம்பிகளில் பேசிக்கொள்ளும் ஐ2சி வழியே இணைக்கும் பிசிஎஃப்8574 போன்ற விரிவாக்கச் சில்லு எட்டு லைன்களைத் தருகிறது. அவற்றில் ஒன்றுகூட முதன்மைச் சில்லின் காலன்று. கர்னலோ அவற்றையும் அதே செயற்கூறுகளால் ஏற்றி இறக்குகிறது. சோதனைக்கென உள்ள ஜிபிஐஓ-சிம் என்னும் மாட்யூல் இன்னும் ஒரு படி மேலே சென்று, உலோகமே இல்லாத லைன்களை நினைவகத்தில் உருவாக்கித் தருகிறது. எதிர்ப்புறமும் இப்படியே: பை 4இன் சில்லில் 58 லைன்கள் இருக்க, 28 மட்டுமே ஊசிகளாக வெளியே வந்துள்ளன, மற்றவை பலகைக்குள்ளேயே நினைவக அட்டைக்கும் பிறவற்றுக்கும் செல்கின்றன. ஊசி இல்லாத லைன் உண்டு, கால் இல்லாத லைனும் உண்டு.

இந்த மூன்றாவதற்கு நான் முன்வைப்பது ‘தடம்’. ‘இழை’ என்பதை மென்பொருளார் திரெட் என்பதற்கு எடுத்துக்கொண்டுவிட்டனர். ‘கம்பி’ என்றால் கையில் பிடிக்கும் கம்பிதான் நினைவுக்கு வரும். ‘வரி’ என்றால் நிரலின் வரி. தமிழ்நாட்டுப் பேருந்துகளில் ‘தடம் எண்’ என்று எழுதியிருப்பது சாலையின் எண் அன்று, அச்சாலைகளின்மேல் ஓடும் சேவையின் எண். ஒரே சாலையில் பல தடங்கள் ஓடும், ஒரு தடம் நாளை வேறு சாலைக்கு மாற்றப்படலாம், எண் மாறாது. கர்னல் தரும் லைனுக்கும் அடியில் இருக்கும் உலோகத்துக்கும் உள்ள உறவு இதுவே.

அடுத்து, முன்னொட்டு. ‘பொது’ என்பதா, ‘பல்நோக்கு’ என்பதா? ‘பல்நோக்கு’ என்று எழுதுவோர், ஒரு கால் பல வேலைகளைச் செய்கிறது என்பதை மனத்தில் கொண்டு எழுதுகிறார்கள். செய்கிறது என்பது உண்மை. ஆனால் அது ஜிபிஐஓவின் இலக்கணம் அன்று, காலின் இலக்கணம். பை 4 வரையிலான ராஸ்பெர்ரி பை சில்லுகளில் ஒவ்வொரு காலுக்கும் மூன்று பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு பதிவகத்துக்கு (ரெஜிஸ்டருக்கு) பத்துக் கால்கள். மூன்று பிட்டுகளில் எட்டு மதிப்புகள் அடங்கும். 000 என்றால் உள்ளீடு, 001 என்றால் வெளியீடு; எஞ்சிய ஆறும் சில்லுக்குள் இருக்கும் வேறு வேறு உறுப்புகளிடம் காலை ஒப்படைப்பவை. 14ஆம் கால் தொடர்முறைத் தொடர்புக்கும், 2ஆம் 3ஆம் கால்கள் ஐ2சிக்கும், 18ஆம் கால் துடிப்பகல மாற்றத்துக்கும் இவ்வாறு செல்கின்றன. பீகிள்போன் பிளாக் பலகையின் சில்லிலும் ஒவ்வொரு காலுக்கும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உண்டு. அவற்றில் 7 மட்டுமே ஜிபிஐஓ. எனவே பல நோக்குகளில் ஒரு நோக்குதான் ஜிபிஐஓ: எந்த உறுப்புக்கும் ஒப்படைக்கப்படாத நோக்கு. இதைக் குறிக்கத் தமிழில் ஆயத்தமாக ஓர் இணை இருக்கிறது. இலக்கணத்தில் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்கிறோம். நூலின் முகப்பில் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என்கிறோம். அந்த இணையை அப்படியே எடுத்துக்கொண்டால், காலுக்கு அமைவது ஒன்று பொதுப்பணி, அல்லது சிறப்புப்பணி. பொதுப்பணியில் இருக்கும் காலைக் கர்னல் நமக்குத் தரும் வடிவம் ‘பொதுத்தடம்’. ‘பொது’ என்பதற்கு ‘ஊரார்க்கு உரியது’ என்னும் பொருளும் இருப்பதால், யாரும் எப்போதும் எடுக்கலாம் என்று படிப்பவர் எண்ணக்கூடும் என்பதை அறிவேன். சிறப்புப்பணி என்னும் சொல் அதே பக்கத்தில் எதிரே நின்றால் அந்த மயக்கம் நீங்கிவிடும் என்று கருதுகிறேன்.

‘டிஸ்கிரிப்டர்’ என்பதற்கு ‘விவரிப்பி’ என்று எழுதியிருக்கிறார்கள். 3.13இல் வந்த புதிய முறையின் மையமே அதுதான். ஆனால் அது வைத்திருப்பவருக்கு எதையும் விவரிப்பதில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று மாட்யூல் பார்க்கவே கூடாது. கர்னலிடம் கேட்டுப் பெற்று, பயன்படுத்தி, திருப்பிக் கொடுக்க வேண்டியது. ‘பிடி’ என்பது போதும். கேட்டுப் பெறும் இயக்கியை (டிரைவரை) ‘நுகர்வோர்’ என்று எழுதியிருப்பதையும் மாற்றிவிடலாம். நியாயவிலைக் கடை நினைவுக்கு வருகிறது. ‘கோருநர்’ எனலாம், எதிர்ப்புறத்துக்கு ‘வழங்குநர்’ ஏற்கெனவே வழக்கில் உள்ளது.

இச்சொற்களைப் பாடத்தின் ஒரு பத்தியில் இட்டுப் பார்த்தேன்: “மாட்யூல் ஏற்றப்பட்டதும், விளக்குக்கான பொதுத்தடத்தைக் கர்னலிடம் கோரி அதன் பிடியைப் பெறுகிறது. பிடி கிடைத்தபின் தடத்தை வெளியீடாக அமைத்து, மதிப்பை 1 ஆக்கினால் விளக்கு எரியும். அதே தடத்தை வேறோர் இயக்கி முன்னரே பெற்றிருந்தால் நம் கோரிக்கை மறுக்கப்படும். மாட்யூல் நீக்கப்படும்போது தடத்தை விடுவிக்க வேண்டும். விடுவிக்காமல் வெளியேறினால், அடுத்த முறை ஏற்றும்போது தடம் பிடிபட்ட நிலையிலேயே இருக்கும்.” ‘முனை’ என்று எழுதியிருந்தால் இப்பத்தியின் கடைசி வாக்கியம் விளங்கியிருக்குமா என்பதைக் குழுவினர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
பாடத்தின் முதல் மூன்று பகுதிகளை மொழிபெயர்ப்பவன்

பொருள்: மறுமொழி – ‘ஜிபிஐஓ பின்’

அன்புள்ள ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மடலின் பிரிப்பை முழுமையாக ஏற்கிறேன். சொற்கள் சிலவற்றில் எனக்குத் தயக்கம் உண்டு. பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மின்னணுவியலைத் தமிழில் சொல்லிக்கொடுப்பவள் என்னும் முறையில் எழுதுகிறேன்.

‘தடம்’ என்பதை அச்சுச்சுற்றுப் பலகையின் செப்புக் கோட்டுக்கு நாங்கள் பயன்படுத்துகிறோம். ‘தடம் அறுந்துவிட்டது’ என்று என் மாணவர் சொன்னால், அவர் சால்டரிங் அயர்னை எடுக்கப் போகிறார் என்று பொருள். கர்னல் பாடத்திலும் அதே சொல் வந்தால், அறுந்தது எது என்று கேட்க வேண்டியிருக்கும். ‘கால்’ என்பதிலும் ஒரு சிக்கல் உள்ளது: ‘கால் வோல்ட்’ என்றால் கால்வாசி வோல்ட்டா, காலில் உள்ள வோல்ட்டா? சிரிப்புக்காகச் சொல்லவில்லை, 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத கால்களைப் பற்றி எழுதும்போது இத்தகைய தொடர்கள் தவிர்க்க இயலாமல் வரும். ‘பொதுப்பணி’ என்றதும் வகுப்பில் ஒருவர் தவறாமல் பொதுப்பணித்துறையைச் சொல்லுவார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், நினைவில் நிற்க அதுவும் ஒரு வழி.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தாங்கள் தொடாமல் விட்ட ‘இன்டரப்ட்’. நம் பாடத்தின் நான்காம் பகுதி முழுவதும் அதுதான்: அழுத்துவிசையை அழுத்தியதும் தடத்தின் மின்னழுத்தம் மாற, செயலி தன் வேலையை நிறுத்திவிட்டு நம் மாட்யூலில் அதற்கென எழுதிய செயற்கூறாகிய கையாளியை அழைக்கிறது. இதற்குக் ‘குறுக்கீடு’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் மின்காந்தக் குறுக்கீடு என்பதும் எங்கள் பாடநூல்களில் உள்ள சொல். உள்ளீட்டுத் தடத்தை எதனோடும் இணைக்காமல் விட்டு, பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடினால், மோட்டாரின் இரைச்சலை அந்தத் தடம் வாங்கிக்கொண்டு கையாளியை ஓயாமல் அழைக்கும். இதை இன்றைய வழக்கில் எழுதினால் ‘குறுக்கீட்டால் குறுக்கீடு ஏற்படுகிறது’ என்றாகிறது. காரணமும் விளைவும் ஒரே சொல்லானால் மாணவருக்கு எதை விளக்குவது? ‘இடைமறிப்பு’ என்று சிலர் எழுதுகின்றனர். மறிப்பது என்றால் போகவிடாமல் தடுப்பது, இங்கே செயலி தான் விட்ட இடத்துக்கே திரும்பிச் செல்கிறது. வேலையின் இடையில் வரும் அழைப்பு என்பதால் ‘இடையழைப்பு’ என்று சொல்ல விரும்புகிறேன்.

இதே இடத்தில் இன்னும் இரு சொற்கள் தேவைப்படும். எதனோடும் இணைக்கப்படாத உள்ளீட்டை ‘மிதக்கும் உள்ளீடு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். தமிழில் பிடிப்பின்றி நிற்பதை மிதக்கிறது என்பதில்லை, அந்தரத்தில் நிற்கிறது என்போம். ‘அந்தர நிலை’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அந்த நிலையைத் தவிர்க்க இணைக்கும் புல்-அப், புல்-டவுன் மின்தடைகளுக்கு ‘மேலிழு மின்தடை’, ‘கீழிழு மின்தடை’ என்பன வழக்கில் உள்ளன. ‘மேலிழு’வும் ‘கீழிழு’வும் வாயில் வழுக்குகின்றன, மாணவர்கள் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன. இடிதாங்கி, சுமைதாங்கி என்னும் வாய்பாட்டில் ‘மேல்தாங்கி’, ‘கீழ்தாங்கி’ என்று வைத்துக்கொண்டால், வேறு எதுவும் தடத்தை இயக்காதபோது அதை மேல்நிலையிலோ கீழ்நிலையிலோ தாங்கி நிற்பது என்னும் வேலையும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தேன். “சில்லுக்குள் இருக்கும் 50 கிலோ ஓம் அளவிலான மேல்தாங்கியை இயக்கு” என்று எழுதினால், ஏன் என்று கேட்கிறார்களே ஒழிய, என்ன என்று கேட்பதில்லை. 2ஆம் 3ஆம் தடங்களில் ஐ2சிக்காகப் பலகையிலேயே 1.8 கிலோ ஓம் மேல்தாங்கிகள் நிலையாக உள்ளன என்பதைச் சொல்லவும் இது வசதி.

மின்நிலை கீழே இருக்கும்போது செயல்படுவதைக் குறிக்கும் ‘ஆக்டிவ் லோ’ என்பதற்குத் ‘தாழ்செயல்’ என்று வரைவில் உள்ளது. தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். எழுதியவரின் எண்ணம் வேறு, படிப்பவர் காதில் விழுவது இழிசெயல்.

அன்புடன்,
நான்காம் பகுதியைப் பார்வையிடுபவள்

பொருள்: மறுமொழி – மறுமொழி – ‘ஜிபிஐஓ பின்’

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு வணக்கம்.

‘இடையழைப்பு’, ‘அந்தர நிலை’, ‘மேல்தாங்கி’, ‘கீழ்தாங்கி’ நான்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. இடையழைப்பு என்னும் சொல்லால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. கையாளிக்குள் உறங்கக்கூடாது, அதாவது எதற்காகவும் நின்று காத்திருக்கக்கூடாது, என்னும் விதியை விளக்கும்போது, அழைப்பு வந்திருக்கையில் உறங்க இயலாது என்று வாக்கியம் தானாக அமைகிறது. பிசிஎஃப்8574இன் தடங்களை ஏற்றி இறக்க ஐ2சி பரிமாற்றம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் அவற்றுக்கென்று உறங்கத்தக்க தனிச் செயற்கூறுகளைக் கர்னல் வைத்திருக்கிறது. அவற்றைக் கையாளிக்குள்ளிருந்து நேரடியாக அழைக்காமல், தனி இழையில் ஓடும் கையாளிக்கு மாற்ற வேண்டும் என்பதை அப்பகுதியில் ஒரு வரியாவது சேர்த்துவிடுங்கள்.

தடத்தின் நிலை மாறும் கணத்துக்கு ‘ஏறு விளிம்பு’, ‘இறங்கு விளிம்பு’ என்று வரைவில் உள்ளதையும் இத்துடன் மாற்றிவிடலாம். தங்கம் விலை ஏறுமுகம், நீர்மட்டம் இறங்குமுகம் என்று நாளிதழ்களில் தினமும் படிக்கிறோம். ‘ஏறுமுகத்தில் இடையழைப்பு’, ‘இறங்குமுகத்தில் இடையழைப்பு’, ‘இருமுகத்திலும் இடையழைப்பு’ என்று எழுதினால், கோரிக்கையில் நாம் இடும் மூன்று குறிகளும் ஒரே அச்சில் வந்துவிடுகின்றன. விசையின் உலோகத் தகடுகள் ஒருமுறை அழுத்தும்போது சில மில்லிநொடிகளுக்குள் பலமுறை தொட்டு விலகுவதைத் ‘துள்ளல்’ என்றே வைத்துக்கொள்வோம். கலிப்பாவின் ஓசைக்கு முன்னோர் கொடுத்த பெயர், ஒரு சுவிட்சுக்குக் கொடுப்பதால் குறைந்துவிடாது. அதை வடிகட்டுவது ‘துள்ளலடக்கம்’.

‘தடம்’ பற்றிய தங்கள் தடையை எளிதில் ஒதுக்க இயலாது. ஆயினும் சொல்லைக் கர்னலுக்கு விட்டுத்தருமாறு கேட்கிறேன். பலகையில் இருப்பது கண்ணால் காணத்தக்க செப்பு. அதற்குச் ‘செப்புக்கோடு’ என்று பெயரிட்டால் தங்கள் மாணவருக்கு இழப்பொன்றும் இல்லை. கர்னலின் தடத்துக்கோ கண்ணுக்குத் தெரியும் வடிவம் எதுவும் இல்லாததால், அதற்குச் சொல் தேடுவது கடினம். ‘கால்’ தனியாக வரும்போது ஏற்படும் மயக்கத்துக்கு, ‘சில்லுக்கால்’ என்று சேர்த்தெழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்; எண்ணோடு வரும்போது மட்டும் ‘14ஆம் கால்’ எனத் தனித்து நிற்கட்டும். ‘கால் வோல்ட்’ என்பதை ‘0.25 வோல்ட்’ என்று எழுதிவிட்டால், எஞ்சிய மயக்கமும் தீரும்.

‘தாழ்செயல்’ நீங்குகிறது. அதற்கு மாற்றுத் தேடும்போது, அக்குறி கர்னலில் என்ன செய்கிறது என்பதையே வழியாகக் கொண்டேன். 2012இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை ‘மாடல் பி’யில், செயல்பாட்டு விளக்கு ஜிபிஐஓ 16இல் உள்ளது, தடம் கீழ்நிலைக்கு வந்தால்தான் அவ்விளக்கு எரியும். 2014இல் வந்த ‘மாடல் பி பிளஸ்’ஸில் அதே விளக்கு ஜிபிஐஓ 47க்கு மாறி, மேல்நிலையில் எரியுமாறு அமைந்தது. இயக்கியின் நிரலில் இதனால் ஓர் எழுத்தும் மாறவில்லை. இரண்டு பலகைகளுக்கும் இயக்கி சொல்வது ‘மதிப்பை 1 ஆக்கு’ என்பதே. பலகையின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ என்னும் கோப்பில் முதற்பலகைக்கு ஒரு குறி இருப்பதைப் பார்த்துக் கர்னல் அந்த 1ஐத் தலைகீழாக்கி மின்நிலையை இறக்குகிறது. ஆக அக்குறி சொல்வது தாழ்வையும் அன்று, செயலையும் அன்று. மதிப்பும் மின்நிலையும் நேராகப் பொருந்துகின்றனவா, எதிராகவா என்பதை மட்டுமே. எனவே ‘நேர்த்தடம்’, ‘எதிர்த்தடம்’. “விளக்கு எதிர்த்தடத்தில் இணைக்கப்பட்டுள்ளது என்பதை டிவைஸ் ட்ரீயில் குறித்துவிட்டால், மாட்யூலில் 1 என்றால் எரிவது, 0 என்றால் அணைவது என்றே எழுதலாம்” என்னும் வாக்கியம் எனக்கு நிறைவாக இருக்கிறது. மதிப்பைத் தலைகீழாக்காமல் நேரடியாக மின்நிலையையே குறிக்கும் செயற்கூறுகளுக்கு ‘பச்சை மதிப்பு’ என்று வரைவில் உள்ளது. ‘மின்நிலை’ என்று எழுதினாலே போதும்.

எஞ்சி நிற்பது ‘ஓப்பன் டிரெயின்’. வரைவில் உள்ள ‘திறந்த வடிகால்’ என்பதை அச்சில் பார்க்க எனக்கு மனமில்லை. படிப்பவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். டிரான்சிஸ்டரின் ஒரு முனையை வடிகால் என்று பாடநூல் சொல்வதால் மட்டும் இத்தொடர் பொருள் தந்துவிடாது. அத்தகைய தடம் செய்வது இவ்வளவே: கீழ்நிலைக்கு இறக்கும், இறக்காதபோது கைவிட்டுவிடும், மேலே ஏற்றுவதை மேல்தாங்கியிடம் விட்டுவிடும். பல சில்லுகள் ஒரே கம்பியைப் பகிரும் ஐ2சியில், ஒன்று ஏற்றும்போது இன்னொன்று இறக்கி இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான். ‘இறக்குமட்டும்’ என்று நண்பர் ஒருவர் சொன்னார், பெயராக நிற்கவில்லை. ‘இறக்கித்தடம்’ என்று நானே எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன், ‘இறக்கி விடு’ என்பதுபோல் ஒலிக்கிறது. ‘விடுதடம்’ என்பதைக் கருதிப் பார்க்கிறேன்: தானாக ஏற்றாமல் விட்டுவிடும் தடம். ஆனால் ‘விடுவித்தல்’ என்பதை மாட்யூல் நீங்கும்போது நடப்பதற்கு வைத்துவிட்டோம். இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். தங்கள் மாணவர்களிடம் ஐ2சி கம்பியைக் காட்டி, பெயரைச் சொல்லாமல், அது என்ன செய்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் வாயில் வரும் வினைச்சொல்லைத் தெரிவித்தால், அதிலிருந்து தொடங்குவோம். அதுவரை நான்காம் பகுதியில் ‘ஓப்பன் டிரெயின்’ என்றே இருக்கட்டும்.

பணிவுடன்,
முதல் மூன்று பகுதிகளை மொழிபெயர்ப்பவன்